பாட்டை நிறுத்தச் சொன்னவர்களுக்கு ஒரு கன்னியாஸ்திரீ எழுதிய கடிதம்: வாசகர் கேள்வி–பதில்

செப்டம்பர் 17ஆம் நாள், ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவியான பிங்கன் நகரத்துப் புனித ஹில்டகார்டின் திருநாள். அவரைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஹில்டகார்டை ஒருவர் இசையமைப்பாளர் என்கிறார், இன்னொருவர் மருத்துவர் என்கிறார், மற்றொருவர் எழுத்தாளர் என்கிறார். மடத்தின் சுவர்களுக்குள் வாழ்ந்த ஒரு கன்னியாஸ்திரீக்கு இத்தனைக்கும் நேரம் எப்படிக் கிடைத்தது? – கும்பகோணம் வாசகி

பதில்: இன்றைய ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதியில் 1098ஆம் ஆண்டு பிறந்து 1179இல் மறைந்தவர் ஹில்டகார்டு. அந்த நீண்ட வாழ்வின் பெரும்பகுதி மடத்தில்தான் கழிந்தது. அவருடைய நேரத்தை அவர் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்ளவில்லை. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசினோ மலையில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிவைத்த 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்குநூல்தான் அவருக்காக அதை வகுத்துக் கொடுத்தது. இரவில் ஒரு முறையும் பகலில் ஏழு முறையும் துறவிகள் ஆலயத்தில் கூடிச் செபிக்க வேண்டும். விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் (சங்கீதங்களையும்) ஒரு வாரத்துக்குள் பாடி முடித்து, மறுவாரம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். செபவேளைகளுக்கு இடைப்பட்ட நேரம் கைவேலைக்கும் வாசிப்புக்கும் உரியது. சோம்பல் ஆன்மாவின் பகை என்று சொல்லும் அதே நூல், மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும் என்று பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு அறிவுறுத்துகிறது.

இந்த வாழ்க்கை ஹில்டகார்டு அமைத்த ரூபர்ட்ஸ்பெர்க் மடத்தில் எப்படி நடந்தது என்பதற்கு நேரில் கண்ட ஒருவரின் சாட்சி இருக்கிறது. ஹில்டகார்டின் கடைசி ஆண்டுகளில் அவருக்குச் செயலராக வந்த கெம்ப்ளூ மடத்துத் துறவி கிபர்ட், திருநாள்களில் கன்னியர் அமைதியாக அமர்ந்து வாசிப்பதையும் பாட்டுப் பயில்வதையும், வேலைநாள்களில் பணியறைகளில் நூல்களைப் படியெடுப்பதையும் துணி நெய்வதையும் கண்டு எழுதியிருக்கிறார். கட்டடங்கள் பகட்டாக இல்லாவிட்டாலும் பணியறை ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே தண்ணீர் வந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். வழிபாட்டில் பாடுவதற்குப் பாடல் வேண்டும், நோயுற்ற சகோதரிகளுக்கு மருந்து வேண்டும், வாசிப்பதற்கு நூல் வேண்டும். ஹில்டகார்டின் இசை, மருத்துவம், எழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனித் திறமைகளாகப் பிரித்துப் பார்ப்பது நம் காலத்தின் பழக்கம். அவருக்கு அவை ஒரே நாளின் வெவ்வேறு வேளைகளில் செய்யவேண்டியிருந்த வேலைகள்.

கேள்வி: எட்டு வயதிலேயே அவரை மடத்தில் விட்டுவிட்டார்கள் என்று படித்தேன். இது கொடுமையல்லவா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எட்டு வயதில் அவர் கடவுளுக்கென்று ஒப்புக்கொடுக்கப்பட்டதாக அவருடைய வரலாறு சொல்கிறது. அவருக்கு ஆசிரியையாக இருந்த யூட்டா என்னும் பிரபு குலப் பெண்ணின் வரலாற்று நூலைக் கொண்டு கணக்கிட்டால், மடத்துக்குள் இருவரும் அடைக்கப்பட்ட நாள் 1112 நவம்பர் 1, அதாவது ஹில்டகார்டுக்கு ஏறத்தாழ 14 வயதானபோது. இடைப்பட்ட ஆண்டுகளில் யூட்டாவின் மேற்பார்வையில் வெளியே வளர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. டிசிபோடென்பெர்க் என்னும் அந்த இடம் ஆண் துறவிகளின் மடம். அதை ஒட்டியிருந்த தனியிடத்தில் பெண்கள் வாழ்ந்தார்கள். யூட்டா அவருக்குத் திருப்பாடல்களை ஓதக் கற்றுக்கொடுத்தார். முறையான இலக்கணக் கல்வி கிடைக்கவில்லை. பிள்ளைகளை ஆலயத்துக்கு நேர்ந்துவிடுவது அன்றைய பிரபுக் குடும்பங்களில் வழக்கந்தான். ஆனால் பிள்ளையின் சம்மதமின்றி அப்படிச் செய்யக்கூடாது என்று பிற்காலத்தில் ஹில்டகார்டே எழுதியிருக்கிறார். உங்கள் கேள்விக்கு அதைவிடத் தகுந்த பதில் என்னிடம் இல்லை.

கேள்வி: அவர் கண்ட காட்சிகள் உண்மையில் ஒற்றைத் தலைவலியின் விளைவு என்கிறார்களே? – பாளையங்கோட்டை வாசகர்

பதில்: மருத்துவ வரலாற்று ஆய்வாளரான சார்லஸ் சிங்கர் 1917இல் முன்வைத்த கருத்து அது, பின்னர் வேறு சிலரும் அதை ஏற்று எழுதினார்கள். அவருடைய காட்சி நூலின் கையெழுத்துப் படியிலுள்ள ஓவியங்களில் தெரியும் ஒளிவட்டங்களும் மின்னும் புள்ளிகளும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சொல்லும் தோற்றங்களை ஒத்திருப்பது உண்மை. அவர் அடிக்கடி நோயில் விழுந்தவர் என்பதும் உண்மை. ஆனால் அவர் எழுதிவைத்தது ஒளிப்புள்ளிகளின் பட்டியல் அன்று. 1141ஆம் ஆண்டில், தமக்கு 42 வயதும் ஏழு மாதமும் ஆனபோது, கண்டதையும் கேட்டதையும் எழுது என்ற கட்டளை வந்ததாகச் சொல்லி அவர் தொடங்கிய 'ஸ்கிவியாஸ்' என்னும் நூலில் 26 காட்சிகள் உள்ளன. ஒவ்வொரு காட்சிக்கும் படைப்பு, மீட்பு, திருச்சபை, இறுதிநாள் என்று விரியும் விளக்கம் உண்டு. எழுதி முடிக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன. நோய் ஒளியைத் தந்திருக்கலாம். அந்த விளக்கங்களைத் தந்தது வாரந்தோறும் திரும்பத் திரும்ப ஓதப்பட்ட திருமறைதான் என்பது என் எண்ணம்.

முதுமையில் கிபர்ட் கேட்டதற்கு அவர் எழுதிய பதில் இதில் முக்கியமானது. தாம் பரவசத்தில் தன்னினைவு இழப்பதில்லை என்றும், விழித்த கண்களோடு இரவும் பகலும் ஆன்மாவுக்குள்ளேயே காண்கிறேன் என்றும் அவர் சொன்னார். மயங்கி விழுந்து அருள்வாக்குச் சொல்பவராக அவரைக் கற்பனை செய்வது பொருந்தாது. 'ஸ்கிவியாஸ்' நூலின் முகப்போவியத்தில், மேலிருந்து இறங்கும் நெருப்பு நாக்குகள் தலையில் படிய, மடியில் மெழுகுப் பலகையும் கையில் எழுத்தாணியுமாக அவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய லத்தீன் இலக்கணத்தைத் திருத்திக் கொடுத்த வோல்மார் என்னும் துறவி பக்கத்து அறையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: கீழ்ப்படிதல் என்பது துறவியின் வாக்குறுதி. ஹில்டகார்டோ தம் மடத்துத் தலைவரையே எதிர்த்துத் தனி மடம் அமைத்தார். இது முரண் அல்லவா? – ஓர் அருட்சகோதரி, நாகர்கோவில்

பதில்: முரண் என்று டிசிபோடென்பெர்க்கின் தலைவர் கூனோவும் நினைத்தார். 1136இல் யூட்டா மறைந்தபின் கன்னியர் ஹில்டகார்டைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். திருத்தந்தை மூன்றாம் எவுஜீனியுஸ், 1147–48இல் திரியர் நகரில் தங்கியிருந்தபோது அவருடைய எழுத்துகளைப் பார்வையிட்டு ஊக்குவித்தார் என்று வரலாறு சொல்கிறது. அதன்பின் புகழும் பெண்களின் எண்ணிக்கையும் கூட, இடம் போதவில்லை. நாகே ஆறு ரைனோடு கலக்கும் இடத்தில், பிங்கன் நகருக்கு எதிரே உள்ள ரூபர்ட்ஸ்பெர்க்குக்குப் போகும்படி தமக்குக் காட்சியில் சொல்லப்பட்டது என்றார் ஹில்டகார்டு. கூனோ மறுத்தார், புகழ்பெற்ற துறவியும், அவரோடு வந்த பெண்களின் சீதன நிலங்களும் கைவிட்டுப் போவதை எந்தத் தலைவர்தான் விரும்புவார்? மறுப்பைக் கேட்ட ஹில்டகார்டு அசைய முடியாமல் படுத்த படுக்கையானார். கூனோவே வந்து தூக்கிப் பார்த்தும் அந்த உடலை அசைக்க முடியவில்லை என்றும், அனுமதி கிடைத்ததும் அவர் எழுந்துவிட்டார் என்றும் வரலாற்று நூல் சொல்கிறது. நடிப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். உடலும் உள்ளமும் தனித்தனியாக இயங்கிய மனிதராக அவர் தெரியவில்லை.

1150 வாக்கில் ஏறத்தாழ 20 கன்னியரோடு இடம்பெயர்ந்தார். முதல் ஆண்டுகளில் வறுமை வாட்டியது. வசதியான வீடுகளிலிருந்து வந்த சிலர் விட்டுப் போனார்கள். சொத்துத் தகராறு 1158இல் மைன்ஸ் பேராயரின் ஆவணத்தால்தான் தீர்ந்தது. பின்னாளில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசாவிடமிருந்தும் 1163இல் பாதுகாப்புச் சாசனம் பெற்றார். அதே பேரரசர், திருத்தந்தைக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட எதிர்த்திருத்தந்தையரை ஆதரித்தபோது அவரைக் கண்டித்து எழுதவும் தயங்கவில்லை. அறுபது வயதுக்குப் பின்னரும் படகிலும் குதிரையிலும் பயணம் செய்து திரியர், கொலோன் முதலிய நகரங்களில் குருக்களுக்கே கண்டிப்பான அருளுரை வழங்கினார்.

ஆனால் நீங்கள் சுட்டும் முரண் வேறோர் இடத்தில் அவரையே திருப்பித் தாக்கியது. 'ஸ்கிவியாஸ்' எழுதும்போது அருகிலிருந்து உதவிய ரிக்கார்டிஸ் என்னும் இளம் கன்னியருக்கு 1151இல் பாசும் மடத்தின் தலைமைப் பதவி கிடைத்தது. தமக்கு மடம் மாறும் உரிமை கேட்டு வாதாடிய ஹில்டகார்டு, அவரைப் போகவிடவில்லை. பெண்ணின் தாய்க்கு எழுதினார், பேராயர்களுக்கு எழுதினார், திருத்தந்தைக்கும் எழுதினார். எதுவும் பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே ரிக்கார்டிஸ் இறந்துபோனார். ரூபர்ட்ஸ்பெர்க்குக்குத் திரும்பிவர விரும்பிக் கண்ணீர் விட்டதாக அவருடைய அண்ணனும் பிரேமன் பேராயருமான ஹார்ட்விக் எழுதித் தெரிவித்தார். ஹில்டகார்டின் பதிலில், அந்தப் பெண்ணைத் தாம் எவ்வளவு நேசித்தார் என்பதோடு, உலகத்துக்குக் கொடுக்க விரும்பாமல் கடவுளே அவளை எடுத்துக்கொண்டார் என்ற ஆறுதலும் இருக்கிறது. ஏறத்தாழ 400 கடிதங்கள் எஞ்சியுள்ள அவருடைய எழுத்தில், புனிதர் என்ற பீடத்திலிருந்து அவர் இறங்கி நிற்பது இந்தச் சில கடிதங்களில்தான்.

கேள்வி: அவருடைய மடத்தில் ஏழைப் பெண்களுக்கு இடம் இருந்ததா? – மதுரை வாசகர்

பதில்: பிரபு குலத்துப் பெண்களைத்தான் சேர்த்தார். அவர் காலத்திலேயே ஆண்டர்நாக் நகரத்துக் கன்னியர் தலைவி தெங்ஸ்விந்த் இதைக் கேட்டு எழுதினார். ஆண்டவர் மீனவர்களையும் எளியவர்களையும் அல்லவா தேர்ந்தெடுத்தார் என்பது அவர் வாதம். திருநாள்களில் ரூபர்ட்ஸ்பெர்க் கன்னியர் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வெண்பட்டு முக்காடும் பொன்முடியும் அணிந்து பாடுவதாகக் கேள்விப்பட்டதையும் வியப்பாகச் சொல்வதுபோல் குத்திக்காட்டினார். கன்னியர் கிறிஸ்துவின் மணமகளிர், ஆகவே அந்த அலங்காரம் தகும் என்றார் ஹில்டகார்டு. குலத்தைப் பற்றிய கேள்விக்கு, மாடு, கழுதை, ஆடு எல்லாவற்றையும் ஒரே தொழுவத்தில் யார் அடைப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். பிறப்பை வைத்துத் தொழுவம் பிரிக்கும் இந்த வாதம் நம் ஊரிலும் கேட்டுப் பழகியதுதான். அதைப் புனிதர் சொன்னார் என்பதற்காக மழுப்ப வேண்டியதில்லை. ஆசீர்வாதப்பரின் நூலே அடிமையாகப் பிறந்தவனைவிடச் சுதந்திரனாகப் பிறந்தவனை மடத்தலைவர் உயர்த்தக்கூடாது என்கிறது. இந்த விவாதத்தில் நான் தெங்ஸ்விந்தின் பக்கம்.

கேள்வி: ஹில்டகார்டு மருத்துவம் என்ற பெயரில் வரும் மூலிகைகளை நம்பிச் சாப்பிடலாமா? – கோவை வாசகி

பதில்: மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். செடிகள், மரங்கள், கற்கள், மீன்கள், பறவைகள், விலங்குகள், உலோகங்கள் முதலியவற்றைப் பற்றி ஒன்பது பகுதிகளில் அவர் பெயரால் வழங்கும் நூலில், மடத்துத் தோட்ட அறிவும் அக்காலத்துச் சூடு–குளிர்ச்சிக் கொள்கையும் கலந்திருக்கின்றன. பானங்கள் கெடாமல் இருக்க ஹாப்ஸ் கொடியின் கசப்பு உதவும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது. அது சரியான அவதானிப்பு. ஒற்றைக்கொம்புக் குதிரையின் ஈரலை முட்டைக் கருவோடு சேர்த்துத் தொழுநோய்க்குப் பூசச் சொல்லும் குறிப்பும் அதில்தான் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் படிகள் அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிற்பட்டவை. எது அவர் கை, எது பின்னால் சேர்ந்தது என்று பிரிப்பதும் எளிதன்று. இன்று அந்தப் பெயரில் நடக்கும் வியாபாரம் 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

கேள்வி: மைன்ஸ் குருக்கள் அவருடைய மடத்தில் பாட்டுக்கே தடை போட்டார்கள் என்கிறார்களே, ஏன்? – தஞ்சாவூர் இசை ஆசிரியை

பதில்: 1178இல், அவருக்கு எண்பது வயதாகும்போது நடந்தது இது. ஒரு காலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டிருந்த பிரபு ஒருவரின் உடலை ரூபர்ட்ஸ்பெர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். சாவுக்கு முன்பே அவர் ஒப்புரவாகி அருளடையாளங்களைப் பெற்றுவிட்டார் என்பது ஹில்டகார்டின் நிலை. பேராயர் கிறிஸ்தியான் அப்போது இத்தாலியில் இருந்தார். மைன்ஸ் பேராலயத்தின் பொறுப்புக் குருக்கள், உடலைத் தோண்டி வெளியே எறியுங்கள், இல்லையேல் மடத்தில் வழிபாடு கூடாது என்று உத்தரவிட்டார்கள். ஹில்டகார்டு மறுத்தார். கல்லறை இருந்த அடையாளமே தெரியாதபடி செய்துவிட்டார் என்று மரபு சொல்கிறது. ஆனால் தடைக்கு அவர் கீழ்ப்படிந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்: பாடுவதை நிறுத்தினார்கள், கதவை அடைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் வாசித்தார்கள், நற்கருணை உட்கொள்ளவில்லை.

இசை ஆசிரியையான உங்களுக்கு இந்தத் தடையின் வலி எளிதாகப் புரியும். அவர் இயற்றியவற்றில் ஏறத்தாழ 77 வழிபாட்டுப் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அக்கால வழிபாட்டு இசை பெரும்பாலும் குறுகிய எல்லைக்குள் நடக்க, அவருடைய மெட்டுகள் திடீரென்று மேலே தாவுகின்றன. சில பாடல்கள் இரண்டு ஸ்தாயிக்கும் மேல் விரிகின்றன. ஓர் ஆன்மாவுக்காக நற்பண்புகள் சாத்தானோடு போராடும் இசை நாடகம் ஒன்றும் எழுதினார். அதில் எல்லாப் பாத்திரங்களும் பாடுகின்றன. சாத்தானுக்கு மட்டும் மெட்டு கிடையாது, அவன் கத்துகிறான், அவ்வளவுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் மைன்ஸ் குருக்களுக்கு எழுதிய கடிதத்தைப் படிக்க வேண்டும். வீழ்ச்சிக்கு முன் ஆதாமின் குரலில் வானதூதர்களின் இசைக்கு இணையான இனிமை இருந்தது. பாவத்தால் அதை இழந்தான். இழந்ததை மக்களுக்கு நினைவூட்டத்தான் இறைவாக்கினர் திருப்பாடல்களையும் இசைக்கருவிகளையும் உண்டாக்கினார்கள். மனிதன் மறுபடியும் பாடத் தொடங்கியதைக் கண்டு கலங்கிய சாத்தான் அன்றுமுதல் அந்தப் பாட்டைக் குலைக்க வழி தேடுகிறான் என்று வாதத்தை அடுக்கிக்கொண்டு போகிறார். முடிவில், தக்க காரணமின்றி இறைபுகழ்ப் பாடலை நிறுத்துவோருக்கு விண்ணகத்தில் வானதூதர்களோடு சேர்ந்து புகழ்பாடும் பங்கு கிடைக்காது என்று எச்சரிக்கிறார். நாடகத்தில் பாட்டில்லாத பாத்திரம் எது என்று நினைத்துப் பார்த்தால், எதிரில் இருப்பவர்களை எங்கே நிறுத்திவைக்கிறார் என்பது விளங்கும்.

கடிதம் மட்டும் போதவில்லை. இறந்தவர் மன்னிப்புப் பெற்றதற்குச் சாட்சியம் திரட்ட வேண்டியிருந்தது. கொலோன் பேராயர் பிலிப் அவருக்குத் துணைநின்றார். தடை நீங்குவதும் மீண்டும் விழுவதுமாக இருந்து, கடைசியில் இத்தாலியிலிருந்த கிறிஸ்தியானுக்கே நேரடியாக எழுதி 1179 மார்ச் மாதத்தில் அதை நீக்கச் செய்தார். ஆறு மாதத்தில் அவர் மறைந்தார். தனி மடத்துக்காகவும் சொத்துக்காகவும் ரிக்கார்டிசுக்காகவும் அவர் நடத்திய போராட்டங்கள் பல. அவற்றில் துறவி என்ற முறையில் அவருடைய வாழ்வின் நடுநரம்பைத் தொட்டது இதுதான். பாடுவது வேலையென்று ஆசீர்வாதப்பர் வகுத்த வீட்டில், அந்த வேலையையே பிடுங்கினார்கள்.

கேள்வி: இவ்வளவு பெரியவரைப் புனிதராக அறிவிக்க 2012 வரை ஏன் தாமதம்? – சென்னை வாசகர்

பதில்: 13ஆம் நூற்றாண்டில் விசாரணை தொடங்கியது, ஆவணங்கள் முறையாக அமையாததால் முடியாமல் நின்றது. மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை, வணங்கி வந்தார்கள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2012 மே 10 அன்று அவருடைய வணக்கத்தை உலகத் திருச்சபை முழுமைக்கும் விரிவாக்கி, அதே ஆண்டு அக்டோபர் 7இல் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது போதனையால் திருச்சபை முழுவதற்கும் ஆசிரியர், என்று அறிவித்தார். அவிலா தெரேசா, சியன்னா கத்தரீன், குழந்தை இயேசுவின் தெரேசா ஆகியோரை அடுத்து இந்தப் பட்டம் பெற்ற நான்காவது பெண் அவர்.

கேள்வி: அவருடைய மடம் இன்றும் இருக்கிறதா? நம் பக்கத்தில் ஆசீர்வாதப்பர் சபையினர் உண்டா? – திருச்சி வாசகி

பதில்: ரூபர்ட்ஸ்பெர்க்கை முப்பதாண்டுப் போரின்போது 1632இல் சுவீடியப் படை அழித்தது, மிஞ்சியிருந்த இடிபாடுகளையும் 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைக்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1165 வாக்கில் அவர் ரைனின் மறுகரையில் ஐபிங்கனில் ஏற்படுத்திய இரண்டாவது மடமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது; அவருடைய திருப்பண்டங்கள் (உடலின் எஞ்சிய பகுதிகள்) அவ்வூர்ப் பங்கு ஆலயத்தில் இருக்கின்றன. ஊருக்கு மேலே திராட்சைத் தோட்டங்களின் நடுவே 1904இல் புதிய மடம் குடியேறியது. நாஜி அரசு 1941இல் அக்கன்னியரை வெளியேற்றியது. 1945இல் திரும்பி வந்தார்கள். இன்றும் திருப்புகழ்மாலையை (அன்றாடச் செபவேளைகளின் வழிபாட்டை) லத்தீனில் பாடுகிறார்கள், திராட்சை பயிரிட்டு ரசம் வடிக்கிறார்கள், விருந்தினரை ஏற்கிறார்கள். 1927 முதல் 1933 வரை அங்குள்ள கன்னியர் சிலர் அமர்ந்து 'ஸ்கிவியாஸ்' ஓவியப் படியைத் தோலில் வரி விடாமல், வண்ணம் மாறாமல் கையாலேயே படியெடுத்தார்கள். பாதுகாப்புக்காக டிரெஸ்டனுக்கு அனுப்பப்பட்ட மூலப்படி 1945இல் காணாமற்போய்விட்டதால், அந்த ஓவியங்களின் வண்ணத்தை இன்று உலகம் பார்ப்பது அவர்களுடைய படியில்தான்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு, உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லை. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம், 1950இல் ஜூல் மொன்ஷானென் என்னும் குருவும் ஆன்றி லெ சோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியும் தொடங்கியது. அது ஆண் துறவியரின் ஆசிரமம். விருந்தினராக யாரும் சென்று செபவேளைகளில் கலந்துகொள்ளலாம். இலங்கையில் சில்வெஸ்திரியர் என்ற கிளையினர் 1845 முதல் பணியாற்றி வருகிறார்கள். கண்டி மறைமாவட்டத்தின் முதல் ஆயரும் அவர்களைச் சேர்ந்தவரே.